கட்டிலுக்கு நாலு கல்

புதிதாகக் குடிவருகிறவர்கள் பக்கத்து வீட்டில் முதலில் கேட்பது தீப்பெட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் உறைக்கு ஒரு கரண்டி மோர். அவள் வந்து கேட்டது செங்கல்.

"அக்கா, நாலு கல்லு கிட்டுமா? நாலும் ஒரே உயரத்துக்கு வேணும்."

அடுப்புக்கா என்று கேட்டேன். இல்லை, கட்டிலுக்கு என்றாள். வீட்டுக்குப் பின்னால் கிடந்ததில் நல்லதாகப் பார்த்து நாலைத் தூக்கிக் கொடுத்தேன். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்லை வைத்து, ஆடுகிறதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். அப்புறம் அரிசி மூட்டையை பெஞ்சின் மேல் ஏற்றினாள். ரேஷன் கார்டும் மற்ற காகிதங்களும் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு, கூரைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கின. செருப்புகூட ஜன்னலில் ஏறிவிட்டது. தரையில் ஒரு சாமான் கிடையாது. கூட்டிப் பெருக்க வசதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "வெள்ளம் வருமுன் அணை கோலச் சொன்னாங்க. இந்தப் புள்ள மலை உச்சியில வந்துல்ல கோலுது."

மூணாறிலிருந்து ஜீப் ஏறி வர வேண்டிய ஒரு எஸ்டேட் டிவிஷனில், தேயிலைச் சரிவின் நடுவில் இருந்தது எங்கள் லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நூறு என்போம். அவள் புருஷன் அந்த லயத்திலேயே வளர்ந்த பையன். கீழே கடலோரத்துக் காயலில் டூரிஸ்டுகளை ஏற்றிப் போகும் படகு ஒன்றில் சமையல் வேலைக்குப் போனான். போன இடத்தில், காயலுக்கு நடுவில் ஒரு தீவில் இருந்த இவளைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டான். அவளுக்கு அழகான பேர் ஒன்று இருந்தது. லயத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காயல்காரி என்றே ஆகிவிட்டது. நானும் இங்கே அந்தப் பேரை எழுதப் போவதில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாரிடம் என்ன வினோதம் கண்டாலும் கேட்காமல் இருக்க முடியாது. அவள் பிள்ளை பெற்றிருந்தபோது காலையில் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். தூக்கத்திலிருந்து எழும்போது, கண்ணைத் திறக்கும் முன்பே, ஒரு காலை மட்டும் கட்டிலிலிருந்து தொங்கவிடுவாள். பெருவிரல் நுனி தரையைத் தொடும். அப்படியே கொஞ்சம் இருப்பாள். அப்புறம்தான் மற்ற காலும் கண்ணும்.

"என்னத்துக்குடி இந்த ஆழம் பாக்குற வேலை?"

"ஈரம் இருக்கான்னு பாக்கறேன் அக்கா. சின்னதுலேர்ந்து பழக்கம்."

அன்றைக்குத்தான் சொன்னாள். அவர்கள் தீவில் மழையே இல்லாமல் தண்ணீர் வருமாம். கடல் பொங்கினால் காயலும் பொங்கும், காயல் பொங்கினால் வீட்டுத் தரை வழியாக ஊறிவரும். அதற்கு வேலியேற்றம் என்று பேர். சத்தமே இருக்காது. கண் விழித்தால் செருப்பு மிதந்துகொண்டிருக்கும்.

"முன்னெல்லாம் வருஷத்துல சில நாளு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகும். இப்ப வீட்டுக்காரன் மாதிரி வந்து உக்காந்துக்குது. உப்புத் தண்ணி அக்கா. சுவரைத் தின்னும், தென்னையைத் தின்னும். கக்கூஸ்ல பொங்கும். அந்த ஊர்ல பொண்ணு குடுக்க ஆளு வராது."

"வந்தா என்னடி செய்வீங்க?"

"கதவு அடியில சாக்கைத் திணிச்சுட்டு, கதவைச் சாத்திட்டு, கட்டில்ல ஏறி இருப்போம். ஓடக்கூடாது. வழியும் தோடும் ஒண்ணாக் கெடக்கும், எது வாய்க்கால் எது நடைன்னு தெரியாது. ஏறி இருந்தா மதி, அது போதும். அது தானா வடிஞ்சிடும்."

அவள் அப்பா நெல் போட்டவர். வயலில் உப்பு ஏறிய பிறகு விதை முளைக்கவில்லை. ஒரு ஏற்றத்தின்போது கட்டிலில் ஏறி உட்கார்ந்தவர், தண்ணீர் வடிந்து தரை காய்ந்த பிறகும் இறங்கவில்லை. காலைத் தூக்கி வைத்தபடியே இருந்தார். சோறும் அங்கேதான், பேச்சும் அங்கேதான். பிறகு பேச்சும் நின்றது.

"அதை யாரும் சூக்கேடுன்னு சொல்லல அக்கா. அங்க நெறைய பேரு அப்படித்தான் இருந்தாங்க. இந்த ஆளு வந்து கூப்பிட்டப்ப, எங்க வீடுன்னு கேட்டேன். மலைன்னாரு. சரின்னுட்டேன். இல்லாட்டி நானும் ஏறி உக்காந்திருப்பேன்."

சூக்கேடு என்றால் வியாதி. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, யார் வீட்டுக் கதையோ போலச் சொன்னாள். 

எங்கள் மலையில் அவளுக்குப் பிடித்தது தேயிலையும் இல்லை, டூரிஸ்டுகள் வாயைப் பிளக்கும் மஞ்சுப் பனியும் இல்லை. சரிவுதான். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இடுப்புப் படுதாவை அவிழ்த்துப் போட்டதும், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு குண்டானில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவாள். ஊற்றுவாள். அது நெளிந்து நெளிந்து ஓடி, தேயிலைத் தூருக்குள் புகுந்து மறையும்வரை சினிமா பார்ப்பது போல நின்று பார்ப்பாள்.

"போயி! பாத்தீங்களா அக்கா, போயி!"

"போகாம பின்ன? மலையில ஊத்துன தண்ணி நின்னு உங்கூடப் பேசிக்கிட்டா இருக்கும்?"

"நீங்களும் ஊத்துங்க."

வேறு வேலை இல்லாதவள் போல நானும் ஊற்றுவேன். அவள் மகள் முதல்முதலில் பேசிய வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "போயி"தான். வாசலில் நின்று கையை வீசி அது சொல்லும்போது லயமே சிரிக்கும்.

நான் பிறந்து வளர்ந்த மழை வேறு. நூல் நூலாக மாதக்கணக்கில் விழும். துணி காயாது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், அட்டை கடிக்கும், அவ்வளவுதான். இப்போது அப்படி இல்லை. வெயில் காய்ந்து தள்ளும். பிறகு மொத்த மழையையும் ஒரேயடியாகத் தலையில் கவிழ்த்துவிட்டுப் போகும். வேறொரு எஸ்டேட்டில் மண் இறங்கி வீடுகள் போன செய்தி வந்த பிறகு எங்கள் லயத்தில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் செருப்போடு படுக்க ஆரம்பித்தார். கடைசி வீட்டம்மா பிள்ளைகளின் கையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு தூங்கினாள். மழை நாளில் யாருடைய போனாவது அடித்தால் எல்லாரும் திடுக்கிட்டு எழுந்தோம். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அகப்பட்ட பாத்திரத்தின் மேல் காட்டினேன்.

அப்படிப் பயந்தால் போய்விட வேண்டியதுதானே என்று மூணாறில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார். எங்கே போவது? எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைதான் வீடு. வேலையை விட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். தாத்தன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் நாங்கள். அங்கேயும் எங்களுக்கு ஒரு பிடி மண் கிடையாது. இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்க வீட்டு மாடி காலியா இருக்கா என்று கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மழைக்காலங்களில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் காயல்காரி. "இறங்கிப் போற தண்ணிக்கு எதுக்கு அக்கா பயப்படணும்?" என்பாள். அவளைப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும். மழை பலத்தால் சுவரில் தட்டி ஏதாவது பேச்சுக் கொடுப்பேன்.

அன்றைக்கு மழையினால் வேலை நிறுத்தியிருந்தார்கள். அவள் புருஷன் டவுனில், ஒரு ஓட்டல் சமையலறையில் இருந்தான். நான் மத்தியானக் கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் தரை குமிழ்விட்டுத் தண்ணீர் கிளம்பியது. மழைக்காலத்தில் ஊற்று வருவது புதிதில்லை. ஆனால் அது பால் ஊற்றிய டீயின் நிறத்தில் வந்தது. என் வீட்டுக்காரர் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"மண்ணு கலந்து வருது! வெளிய ஓடு!"

மலைக்காரர்களுக்கு அது தெரியும். தெளிந்த ஊற்று என்றால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மலை வாயைத் திறந்துவிட்டது என்று அர்த்தம். கூரையைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே எல்லாரும் மேட்டில், காலையில் வேலைக்குப் பேர் பதியும் மஸ்டர் கொட்டகைக்கு ஓடினோம். அங்கே போய்த் தலை எண்ணினால் அவளும் குழந்தையும் இல்லை.

திரும்பி ஓடினேன். என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் அசையவில்லை. கதவடியில் சாக்கு திணித்திருந்தது, உள்ளே பெஞ்சை அண்டக் கொடுத்திருந்தாள்.

"ஏ புள்ள! கதவைத் திறடி! மலை இறங்குது!"

"பேடிக்கண்டா அக்கா." உள்ளேயிருந்து குரல் வந்தது. "குழந்தை கட்டில்ல இருக்கு. நானும் ஏறிட்டேன். கீழேர்ந்து ஊறுது, அவ்வளவுதான். கொஞ்சம் நேரத்துல வடிஞ்சிடும்."

பேடிக்கண்டா என்றால் பயப்படாதே. அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. அதில் துளிப் பயம் இல்லை. தெரிந்த தண்ணீர் வந்திருக்கிறது, தெரிந்ததைச் செய்தாயிற்று என்ற நிம்மதி மட்டும் இருந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கதவை உடைத்தோம். கணுக்காலளவு சேற்றுத் தண்ணீருக்கு மேலே, என்னுடைய நாலு கல்லின் மேல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையை அவர் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவள் கட்டில் சட்டத்தை விடவில்லை. "ஓடக்கூடாது அக்கா, ஓடக்கூடாது" என்று என்னைக் கெஞ்சினாள். முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

மேட்டில் ஏறி முடிக்கவில்லை, லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். திரும்பிப் பார்த்தபோது எங்கள் அடுப்படிகள் எதுவும் இல்லை. கூரை பாதியில் மடங்கிக் கிடந்தது. அவள் வீட்டில் சுவர், கட்டில், ஆணியில் தொங்கிய காகிதம், எல்லாம் போய்விட்டது. ஆள் சேதம் இல்லை, சாமி புண்ணியம்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "தண்ணி எங்க அக்கா? மண்ணுல்ல வந்துச்சு?"

முகாமாக ஒரு பள்ளிக்கூடத்தைக் கொடுத்தார்கள். அங்கே போனதும் அவள் கதவோரமாக இடம் பிடித்துக்கொண்டாள். தகரத்தில் மழை விழுந்தால் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவில் போய் நின்றுவிடுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அவள் புருஷன் கையைக் காலைப் பிடித்து உள்ளே கொண்டுவருவான். அடுத்த மழைக்கு மறுபடியும் மைதானம். சிலர் மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னார்கள். கட்டினோம். கயிறும் அவளோடு சேர்ந்து நனைந்தது.

எல்லாரிடமும் ஆறுதலாகப் பேச ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். நல்ல பிள்ளை. காயல்காரிக்கு நேரே தரையில் உட்கார்ந்து, மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லுங்கக்கா என்று கேட்டாள்.

"மேடம், தண்ணி வந்தா ஏறி இருக்கணுமா, இறங்கி ஓடணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அதையே செய்யறேன்."

 எனக்கும் தெரியலையேக்கா என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கத்துக்கு மாத்திரை வந்தது. காயல்காரி போட மறுத்துவிட்டாள். "தூங்கிட்டா யாரு ஓடறது?"

எங்களுக்கு அதே மலையின் இந்தப் பக்கச் சரிவில் வேறொரு லயத்தில் வீடு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம், வேறென்ன செய்வது? அவளை அவள் புருஷன் தீவுக்கே கூட்டிப்போய் விட்டான். "அங்க தண்ணி ஆளைக் கொல்லாதுக்கா, மெதுவாத்தான் வரும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். தீவிலிருந்து தப்பிக்கத்தான் அவள் அவனையே கட்டியது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த வருஷம், மனசு கேட்காமல், ஒரு பொட்டலம் டீத்தூளை எடுத்துக்கொண்டு போனேன். பஸ், இன்னொரு பஸ், அப்புறம் வள்ளம். வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு உப்பு பூத்திருந்தது. அவள் அம்மா வெளியே மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஊறி வெளுத்த கால்கள். வீட்டுக் கதவு வெளியே தாழிட்டு, பூட்டுப் போட்டிருந்தது.

என் மூஞ்சியைப் பார்த்து அந்தம்மா அவராகவே சொன்னார். மழை கூரையில் விழுந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். ஏற்றம் இருந்த ஒரு நாள் அப்படி ஓடி, வழி என்று நினைத்து வாய்க்காலில் இறங்கிவிட்டாள். வள்ளத்தில் போன ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கினார். குழந்தை பிழைத்தது தெய்வாதீனம். அதிலிருந்து, வானம் இருட்டினால் பூட்டு. அவர் மகளுக்குச் செய்வதைச் சொல்லும்போது கண் கலங்கவில்லை, கத்தி மட்டும் மீனை விட்டு நின்றிருந்தது.

அந்த முடியை நான் தொட்டது நினைவுக்கு வந்தது. மேலேயும் கீழேயும் அவளை முடியைப் பிடித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

என் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். "அக்கா" என்றாள். "கதவை உடைக்க வந்தீங்களா?"

 அவள் அம்மா பூட்டைத் திறந்தார். உள்ளே போனேன். இளைத்திருந்தாள். குழந்தை வளர்ந்து என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது. பேச ஆரம்பிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "பூட்டிக்கிடுங்கம்மா, நான் உள்ள இருக்கேன்" என்றேன். வெளியே பூட்டு விழுந்தது. தோளைப் பிடித்து அவளைக் கட்டிலில் உட்காரவைத்தேன். இங்கேயும் கட்டில் கல்லின் மேல்தான் நின்றது, கல்லுக்கு மேல் கல்.

"இங்க மலை இல்லடி. ஒண்ணும் இறங்காது. பாரு, நான் இருக்கேன்ல?"

பெரிய தைரியசாலி மாதிரிப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது தரை வெடிப்பில் குமிழ் விட்டது. கறுப்பாகத் தண்ணீர் ஊறி என் குதிகாலைத் தொட்டது.

அது காயல் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது என்றும் தெரியும். தெரிந்து என்ன? அடுத்த நொடி கதவிடம் நின்றேன். இரண்டு கையாலும் அறைந்தேன்.

"திறங்க! எல்லாரும் வெளிய வாங்க! வெரசாத் திறங்க!"

அறைந்து அறைந்து கை எரிந்தது. பின்னாலிருந்து மெதுவாக அவள் குரல் கேட்டது.

"உங்களுக்குமா அக்கா?"

திரும்பினேன். அவள் ஓடவில்லை. கட்டிலில் கால் தூக்கி உட்கார்ந்திருந்தாள். குழந்தை நகர்ந்து எனக்கு இடம் விட்டது.

"எனக்கும்தான்டி" என்றேன். அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

"ஏறி இருங்க. இங்க ஏறித்தான் இருக்கணும். பேடிக்கண்டா, வடிஞ்சிடும்."

ஏறி உட்கார்ந்தேன்.  தண்ணீர் கல்லின் பாதிவரை வந்து நின்றது. சாயங்காலம் வடிந்தது. குழந்தை கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போயி" என்றது.

கிளம்பும்போது அவள்தான் யோசனை சொன்னாள். "அங்க மழைன்னா எனக்குப் போன்ல விளிங்க அக்கா, வெளிய போய் நில்லுங்கன்னு நான் சொல்றேன். இங்க மழைன்னா நான் விளிக்கறேன், ஏறி இருன்னு நீங்க சொல்லுங்க. வேற ஆளு சொன்னா மனசு கேக்கும்."

அப்படியே செய்தோம். மழை வந்தால் போன் வரும், அல்லது நான் போடுவேன். மழையா என்போம், மழைதான் என்போம். வெளிய நிக்கிறீங்களா என்று அதட்டுவாள். ஏறி இருக்கியா என்று நான் அதட்டுவேன். பூட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டதாக அவள் அம்மா ஒரு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர், ரெண்டு பைத்தியம் சேந்து வைத்தியம் பாக்குதுங்க என்பார். சொல்லிவிட்டு அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு வெளியே வந்து நிற்பார்.

இந்த வருஷ மழை தொடங்கியதிலிருந்து அவள் போனை எடுப்பதில்லை. அவள் புருஷனின் நம்பரும் கிடைக்கவில்லை. மழைச் சத்தத்தில் மணி காதில் விழாது. அல்லது குழந்தை போனை எங்கேயாவது தூக்கிப் போட்டிருக்கும். மழை கொஞ்சம் விட்டால் போய்ப் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் மண் விழுந்து பஸ் நின்றிருக்கிறது.

இன்றைக்குக் காலையிலிருந்து விடாமல் பெய்கிறது. உள்ளே கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வெளியே, மேட்டில் நின்று அவளுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். அங்கே மணி அடிப்பது மட்டும் கேட்கிறது. நின்றுபோவதற்குள் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.

"நான் வெளிய வந்துட்டேன்டி. நீ ஏறி இரு. வடிஞ்சிடும்."